சூனியக்காரி வேட்டையும் முதலாளித்துவத்தின் பிறப்பும்: இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

கேள்வி: ஈசூன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழுவில், அடுத்த கூட்டத்தில் இருபது நிமிடம் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். சில்வியா ஃபெடரிச்சி என்னும் இத்தாலியப் பெண்ணிய அறிஞர் 2004இல் வெளியிட்ட ‘காலிபனும் சூனியக்காரியும்’ என்ற நூலைப் பேச எடுத்துக்கொண்டேன். நான் புரிந்துகொண்ட அளவில் அவருடைய வாதம் இதுதான். ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொதுநிலங்கள் தனியார் உடைமையாக வேலியடைக்கப்பட்டு, உழவர்கள் கூலிக்கு உழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டபோது, பெண்களிடமிருந்து இன்னொன்றும் பறிக்கப்பட்டது. தம் உடல்மீதும், பிள்ளைப்பேற்றின்மீதும், வழிவழியாக வந்த கைமருந்து அறிவின்மீதும் அவர்களுக்கு இருந்த உரிமையே அது. அந்தப் பறிப்பை நடத்திமுடித்த வன்முறைதான், சூனியம் செய்ததாகப் பழி சுமத்திப் பெரும்பாலும் பெண்களைக் கொன்ற சூனியக்காரி வேட்டை என்கிறார். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் ஆதித் திரட்டலை, அதாவது உழைப்போரிடமிருந்து நிலத்தைப் பறித்து முதலாளித்துவத்துக்கான தொடக்க மூலதனம் சேர்ந்த கதையைப் பற்றி எழுதிய மார்க்ஸ், நிலம் இழந்த உழவரைக் கண்டாரே தவிர, தீயில் இடப்பட்ட பெண்ணைக் காணவில்லை என்பது அவருடைய முறையீடு.

இந்த நூல் என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளையும், படுத்த படுக்கையாக இருந்த மாமியாரையும் பார்த்துக்கொள்வதற்காக ஏழு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். அந்த ஏழு ஆண்டுகளில் நான் நிரப்பிய படிவம் ஒவ்வொன்றிலும் ‘வருமானம்’ என்ற கட்டத்தில் சுழியம் எழுதினேன். விடியற்காலை நான்கு மணிக்கு மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, ஐந்தரை மணிக்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி முடித்தவளின் உழைப்பு எப்போது, யாரால் சுழியம் ஆனது என்ற கேள்விக்கு, ஒருவர் ஆண்டும் இடமும் குறித்து விடை சொல்ல முயன்றிருக்கிறார் என்பதே என்னைக் கட்டிப்போட்டது.

ஆயினும் மேடையில் தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது. கொல்லப்பட்ட பெண்கள் தொண்ணூறு லட்சம் பேர் என்று பல இடங்களில் படிக்கிறேன், அது உண்மையா? மருத்துவச்சிகளே குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளித்துவத்தோடு இதை முடிச்சிடுவதை வரலாற்றறிஞர்கள் ஏற்கிறார்களா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம். தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் படிவத்தின் சுழியத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியாமல் இருந்தேன். என் மனைவியும் பல ஆண்டுகள் அதே எண்ணைத்தான் எழுதினார்.

முதலில் அந்தத் தொண்ணூறு லட்சத்தைக் கைவிட்டுவிடுங்கள், அம்மா. குவெட்லின்பர்க் என்ற ஜெர்மானிய ஊரைச் சேர்ந்த ஃபோய்க்ட் என்பவர், அந்த ஊர் ஆவணங்களில் கண்ட சில வழக்குகளை வைத்துக்கொண்டு, அதே விகிதத்தை ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கி, 1784இல் வெளியிட்ட கணக்கு அது. இன்றைய ஆய்வாளர்களுள் பெரும்பாலோர் ஊர் ஊராக நீதிமன்றப் பதிவேடுகளை எண்ணிக் கண்டடைந்த முடிவு, ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது. அவர்களுள் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் பெண்கள். ஐம்பதாயிரம் என்பது குறைந்த எண்ணிக்கை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதைப் பெரிதாக்க வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்து, முதலாளித்துவத்தோடு உள்ள முடிச்சு. என் தயக்கம் முழுவதும் நிலப்படத்தில் இருக்கிறது. வேலியடைப்பின் தாய்நாடு இங்கிலாந்து. ஆனால் அங்கே தூக்கிலிடப்பட்டோர் ஏறத்தாழ ஐந்நூறு பேர். மொத்தக் கொலைகளில் ஏறக்குறைய பாதி ஜெர்மானிய நிலப்பகுதிகளில் நடந்தது. இன்னும் ஒரு படி மேலே போனால் டச்சுக் குடியரசு, அதாவது இன்றைய நெதர்லாந்து இருக்கிறது. 1602இல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கி, பங்கு விற்று, பிற்காலத்தில் நம் தென்கிழக்காசியக் கடற்பகுதியின் பெரும்பகுதியைத் தன் கணக்கேட்டுக்குள் கொண்டுவந்த நாடு அது. அக்காலத்தில் அதைவிட முதலாளித்துவமான நாடு உலகில் இல்லை. அங்கேயோ சூனியக் குற்றத்துக்கான மரண தண்டனைகள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டன. முதலாளித்துவம் வளர்ந்த இடத்தில் தீ அணைகிறது. பிஷப்புகளே சிற்றரசர்களாக ஆண்ட ஜெர்மானிய நகரங்களான பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் போன்ற இடங்களில் 1626 முதல் 1631 வரை கொழுந்துவிட்டு எரிகிறது. ஒரு காரணம் ஒரு விளைவைத் தருமென்றால், காரணம் மிகுந்த இடத்தில் விளைவும் மிகுந்திருக்க வேண்டாமா?

அந்த வேறுபாட்டுக்கு நான் சொல்லும் விளக்கம் நீதிமன்ற அமைப்பு. 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிறப்பித்த ‘கரோலினா’ குற்றவியல் சட்டம் சித்திரவதைக்கு வரம்புகள் வகுத்தது. ஆனால் சிற்றரசுகளின் உள்ளூர் நடுவர்கள் அவ்வரம்புகளை மதிக்கவில்லை. கட்டிவைத்து வதைத்து, ‘உன்னோடு சூனியக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்?’ என்று கேட்டால், வதைபடுபவர் பத்துப் பெயர்களைச் சொல்வார். அந்தப் பத்துப் பேரையும் கட்டிவைத்தால் நூறு பெயர்கள் வரும். மேல்முறையீட்டு மன்றம் வலுவாக இருந்த இடங்களில் இந்தச் சங்கிலி அறுந்தது. ஸ்பெயினில் லோக்ரோன்யோ நகரில் 1610இல் தண்டனைகள் நிறைவேற்றப்பட்ட பிறகு, சலசார் என்ற சமய விசாரணை மன்ற அதிகாரி கிராமங்களுக்கு நேரில் சென்று நூற்றுக்கணக்கானோரை விசாரித்து, ஆதாரம் ஒன்றும் இல்லை என்று எழுதினார். 1614இல் விதிகள் இறுக்கப்பட்டன. அங்கே தீ அடங்கியது. கொடுமைக்குப் பெயர்பெற்ற ஸ்பானிய சமய விசாரணை மன்றம் இந்த ஒன்றில் பல உள்ளூர் நீதிமன்றங்களைவிட நிதானமாக நடந்துகொண்டது என்பது என் மாணவர்களை எப்போதும் வியக்க வைத்த செய்தி.

ஆகவே ஃபெடரிச்சியின் வாதத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று சொல்கிறேனா? இல்லை. அவர் சொல்வது எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்றால், வீட்டு வாசலில் இருக்கிறது. 1612ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், இங்கிலாந்தின் லங்காஷயரில் அலிசன் டிவைஸ் என்ற ஏழைப் பெண், வழியில் வந்த ஜான் லா என்னும் தலைச்சுமை வியாபாரியிடம் குண்டூசி கேட்கிறாள். அவன் மூட்டையை அவிழ்க்க மறுக்கிறான். சற்று நேரத்தில் அவனுக்குக் கையும் காலும் இழுத்துக்கொள்கின்றன. இன்று நாம் பக்கவாதம் என்போம். அவள் அஞ்சி நடுங்கி, தன்னால்தான் இது நேர்ந்தது என்று தானே நம்பி ஒப்புக்கொள்கிறாள். ஒன்பது வயதுத் தங்கை ஜெனட் நீதிமன்றத்தில் ஏறித் தன் தாய்க்கு எதிராகவே சாட்சி சொல்கிறாள். ஆகஸ்ட் 20ஆம் நாள் லங்காஸ்டரில் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தொடக்கம் ஒரு சில குண்டூசிகள்.

வரலாற்றறிஞர்கள் ஆலன் மக்ஃபார்லனும் கீத் தாமஸும் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், இங்கிலாந்தின் வழக்குகள் பலவற்றில் இந்த வடிவமே திரும்பத் திரும்ப வருவதைக் காட்டின. வயதான, வறிய பெண் ஒருத்தி அண்டை வீட்டுக்கு வந்து பாலோ மோரோ கேட்பாள். இல்லையென்று சொல்லி அனுப்புவார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பிறகு பசு மடிவற்றும், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்பார்களே, அதுபோன்ற பொதுநிலத்தில் தன் பசுவை மேய்த்துக்கொண்டு, அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொண்டு, சுள்ளி பொறுக்கி அடுப்பெரித்த கைம்பெண்ணுக்கு, வேலி வந்தபின் அண்டை வீட்டு வாசலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அதே காலத்தில் 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஈகையை ஊர் வரியாக மாற்றிக்கொண்டிருந்தது. வரி கட்டியாயிற்று, இனி வாசலில் வந்து நிற்பவளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும், கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்ற உறுத்தலும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. அந்த உறுத்தலே சூனியப் பழியாக உருமாறியது என்று அவ்விருவரும் விளக்கினார்கள்.

மறுமொழி: தறிநூல்

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் அருமை. எனினும் நிலப்படத்தை வைத்து அவர் தொடுத்த கேள்வி, ஃபெடரிச்சி சொல்லாத ஒன்றை மறுக்கிறது என்று கருதுகிறேன். எங்கே தொழிற்கூடம் மிகுதியோ அங்கே தீ மிகுதி என்பது அவர் கூற்று அன்று. பழைய உறவுகள் அறுபட்டு, புதியவை இன்னும் ஊன்றாத இடைக்காலத்தில், பெண்ணுடல் அரசின் அக்கறைக்கு உரிய பொருளாக மாறியது என்பதே அவர் வாதத்தின் முதுகெலும்பு. அதற்கான சான்றைச் சூனிய வழக்குகளில் மட்டும் தேடக் கூடாது; பக்கத்திலேயே இருக்கும் வேறு சட்டங்களில் தேட வேண்டும்.

பிரான்சில் இரண்டாம் ஹென்றி மன்னர் 1556இல் பிறப்பித்த ஆணை, கருவுற்றதை அறிவிக்காமல் மறைத்துப் பெற்ற குழந்தை இறந்துபோனால், தாயைக் கொலையாளி என்று கொள்ளச் சொன்னது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1624இல் இயற்றிய சட்டம் மணமாகாத பெண்களைக் குறித்தது. குழந்தையின் இறப்பை அவள் மறைத்திருந்தால், அது இறந்தே பிறந்தது என்பதற்கு ஒரு சாட்சியையாவது அவளே கொண்டுவர வேண்டும், இல்லையேல் தூக்கு. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எசமானர் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், விளக்கில்லாத அறையில், வாயில் துணியைத் திணித்துக்கொண்டு தனியாகப் பிள்ளை பெறும் வேலைக்காரிக்கு எந்தச் சாட்சி கிடைக்கும்? கொலைக் குற்றத்தை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்ற பொது விதி, அவள் ஒருத்திக்கு மட்டும் தலைகீழாக மாற்றப்பட்டது. அந்தச் சட்டம் 1803 வரை நீக்கப்படவில்லை. வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் நம் ஊரில் அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது அவர்களுள் ஒருவரின் முகம் எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

இன்னொரு செய்தி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. ஐரோப்பாவில் விலைவாசி ஏன் ஏறுகிறது என்பதற்கு, அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வெள்ளியே முதற்காரணம் என்று 1568இல் விளக்கிய ழான் போதேன், பொருளியல் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒருவர். மக்கள்தொகையே நாட்டின் செல்வமும் வலிமையும் என்று எழுதியவரும் அவரே. 1580இல் சூனியக்காரிகளைக் கடுமையாக ஒழிக்க வேண்டும் என்று ஒரு தடித்த நூலை வெளியிட்டவரும் அதே மனிதர்தான். பணத்தையும் மக்கள்தொகையையும் கணக்கிடக் கற்ற மூளையும், கிழவியைக் கொளுத்தச் சொன்ன மூளையும் ஒன்றாக இருந்ததைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

வேலைகளைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மானிய நகரங்களின் கைவினைச் சங்கங்கள் 16ஆம் நூற்றாண்டில் பெண்களின் பணி உரிமைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கின. கணவனின் பட்டறையைக் கைம்பெண் தொடர்ந்து நடத்துவதற்குக்கூடக் கெடு விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் வீட்டு அடுப்பில் ஏல் என்ற பழைய வகை பீரைக் காய்ச்சி விற்ற பெண்களின் தொழில், ஹாப்ஸ் பூ சேர்த்த பீர் வந்து, முதலீடும் பெரிய கொப்பரைகளும் தேவைப்பட்டபோது, சிறுகச் சிறுக ஆண்கள் கைக்குப் போயிற்று. (சூனியக்காரியின் கூர்த்தொப்பி இந்த ஏல் விற்ற பெண்களிடமிருந்து வந்தது என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை. தயவுசெய்து அதை உரையில் சேர்க்காதீர்கள்.)

வாசகி கேட்ட சுழியத்துக்கு நான் விடை தேடும் இடம் இதுவே. ஃபெடரிச்சி 1970களில் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டுப் போராடிய இயக்கத்திலிருந்து வந்தவர். 1980களில் நைஜீரியாவில் கற்பித்தபோது, கடன் நெருக்கடியின் பெயரால் பொதுநிலங்களுக்கு நேர்ந்ததைக் கண்ணாரக் கண்டவர். அந்த அனுபவம்தான் பழைய ஐரோப்பாவை வேறு கண்ணால் பார்க்க வைத்தது. அவர் தரும் எண்ணிக்கைகளைச் சரிபாருங்கள்; ஆனால் அவர் கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி: செம்பவாங் பேத்தி

மருத்துவச்சிகளைப் பற்றிய கேள்விக்கு நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். என் பாட்டி செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர். நான் தாதியாகப் பணிபுரிகிறேன். மருத்துவச்சிகளே குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள் என்ற கருத்து 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறுநூல் வழியாகப் பரவியது. பாட்டியை நினைத்து, அதை முழுமனத்தோடு நம்பியிருந்தேன். ஆனால் வழக்குப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், குற்றம் சாட்டப்பட்டோரில் மருத்துவச்சிகள் சிறு பங்கினரே என்று காட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 1591இல் கொல்லப்பட்ட ஆக்னஸ் சாம்ப்சனைப் போன்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. மறுபக்கத்தில், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் உடலில் ‘சாத்தானின் அடையாளம்’ இருக்கிறதா என்று துழாவிப் பார்க்க நீதிமன்றங்கள் அழைத்ததும் மருத்துவச்சிகளைத்தான். இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல நாள்கள் பிடித்தன.

ஆனால் மருத்துவச்சி என்ற பட்டம் இல்லாமலேயே கைமருந்து கொடுத்த எளிய பெண்களின் நிலை வேறு. கோள்களின் பாதையைக் கண்டறிந்த யோகன்னஸ் கெப்ளரின் தாய் கத்தரீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் லியோன்பெர்க் என்ற சிற்றூரில் வாழ்ந்த கைம்பெண் அவர். மூலிகைகளைக் காய்ச்சிப் பிறருக்குக் கொடுப்பார். அவர் வீட்டில் குடித்த பானம்தான் தன் நோய்க்குக் காரணம் என்று 1615இல் பழி சுமத்தியவர் உர்சுலா ரைன்போல்ட் என்ற அண்டைவீட்டுப் பெண். எழுபது வயதைக் கடந்த அந்தத் தாயை 1620 ஆகஸ்டில் கைது செய்து, சங்கிலியில் பிணைத்து, பதினான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மகன் கோள்களின் இயக்கத்தைப் பற்றிய தன் மூன்றாம் விதியை வெளியிட்டிருந்தார். அவர் லின்ஸ் நகரிலிருந்து வந்து, தாய்க்காக வாதங்களைத் தாமே தயாரித்தார். இறுதியில் வதைக் கருவிகளை ஒவ்வொன்றாகத் தாயின் கண்முன் காட்டி மிரட்டியபோதும், அந்த முதியவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 1621 அக்டோபரில் விடுதலை. 1622 ஏப்ரலில் மரணம்.

வழக்கில் பேசப்பட்ட பொருள்களுள் ஒன்று, அவர் பானம் ஊற்றிவைத்த வெள்ளீயக் குவளை. அதைப் படித்தபோது என் பாட்டியின் பித்தளைச் செம்பு நினைவுக்கு வந்தது. ஓமமும் சுக்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, முந்தானையால் பிடித்து, பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். குடித்தவள் பிழைத்தால் கைராசிக்காரி என்பார்கள். ஒருமுறை ஒரு குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் அந்த வரிசை வீடுகளில் எவரும் பாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அம்மா சொல்வார். லியோன்பெர்க்கில் அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக வழி இருந்தது. பாட்டியின் குடியிருப்பில் அந்த வழி இல்லை. இரண்டுக்கும் இடையே நான் காணும் வேறுபாடு அவ்வளவுதான்.

மறுமொழி: சொல்லாய்வு

சுருக்கமாக ஒன்று. தமிழில் ‘சூனியக்காரி’ என்று எழுதியவுடனேயே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. செய்வினை, ஏவல், பில்லி என்ற நம் சொற்களோடு சேர்த்து அதைக் கேட்கும் குழுவினர், அந்தப் பெண்கள் உண்மையிலேயே ஏதோ செய்தவர்கள் என்று எண்ணிவிடக்கூடும். ‘சூனியப் பழி சுமத்தப்பட்டவர்’ என்று ஆள்வது நீளமானாலும் நேர்மையானது. ‘வேட்டை’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வேட்டையில் குற்றவாளி கிடையாது, இரை மட்டுமே உண்டு.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்

தறிநூல் அவர்கள் எடுத்துக்காட்டிய 1624ஆம் ஆண்டுச் சட்டம் என் வாதத்தில் ஓர் ஓட்டையைக் காட்டிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் தீயை மட்டும் எண்ணினேன், சட்டப் புத்தகத்தைப் புரட்டவில்லை. ஆனாலும் பெண்ணுடலை அரசு தன் கட்டுக்குள் கொண்டுவந்ததும் சூனிய வேட்டையும் ஒரே ஆலையின் இரு தறிகளா, அல்லது ஒரே காலத்தில் அருகருகே ஓடிய இரண்டு வேறு தறிகளா என்ற கேள்வியில், நான் இரண்டாவதன் பக்கமே நிற்கிறேன். ஐஸ்லாந்தில் இந்தக் குற்றத்துக்காக எரிக்கப்பட்டோரில் ஏறத்தாழ எல்லோருமே ஆண்கள் என்பதை முதல் கருத்தால் விளக்க முடியாது. பேத்தி எழுதியதற்கு என் வணக்கம். பழி சுமத்தியவரும் பெண், சாட்சி சொன்னவரும் பெண் என்பது பல வழக்குகளில் காணப்படும் வேதனை. அதை உரையில் மறைக்க வேண்டாம்.

மறுமொழி: ஈசூன் வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு உரையை முதலிலிருந்து மாற்றி எழுதினேன். தொண்ணூறு லட்சம் போயிற்று, கூர்த்தொப்பியும் போயிற்று. அலிசன் கேட்ட குண்டூசியில் தொடங்கி, வேலியடைப்புக்கும் ஏழைகள் சட்டத்துக்கும் வந்து, அங்கிருந்து 1624ஆம் ஆண்டின் வேலைக்காரியிடம் போகிறேன். டச்சுக் குடியரசைப் பற்றிய ஆசிரியர் ஐயாவின் கேள்வியை ஐந்து நிமிடம் நேர்மையாக முன்வைப்பேன்; அதற்குத் தறிநூல் தந்த விடையையும் சொல்லி, முடிவைக் குழுவின் விவாதத்துக்கு விடுவேன். என் சுழியத்தைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். பேசப் போகிறேன்.

செம்பவாங் பேத்தி அவர்களே, உங்கள் பாட்டியின் செம்பைப் பற்றி, பெயர் சொல்லாமல், கத்தரீனாவின் குவளைக்குப் பக்கத்தில் வைத்துப் பேச அனுமதிப்பீர்களா?

மறுமொழி: செம்பவாங் பேத்தி

தாராளமாகப் பேசுங்கள். செம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அடிப்பக்கம் நெளிந்து போயிருக்கிறது. கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் தனிச் செய்தியில் அனுப்பினால், இரவுப் பணி இல்லாத பட்சத்தில் நானே கொண்டுவருகிறேன்.